பாதிச் சுற்றுக் கும்மி

நின்றுகொண்டிருக்கிற மனிதர்களைப் பார்த்துப் பூவாத்தாளுக்குப் பயம் கிடையாது. மாரியம்மன் நோம்பிக்கு ஊரே திரண்டு நிற்கும். பொரி வாங்குவார்கள், பிள்ளையைத் தேடுவார்கள், பங்காளியைப் பார்த்ததும் பழைய சண்டையைப் புதுப்பித்துக்கொள்வார்கள், நடுநடுவே கும்மியையும் பார்ப்பார்கள். அந்தச் சந்தடியில் அவள் பாட்டெடுத்தால் சொந்த ஊர் வடகரப்பதியைத் தாண்டி அடுத்த ஊர் வரைக்கும் கேட்கும் என்று ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டது பெரும்பாலும் அவளேதான். ஆனால் அதே மனிதர்கள் நாற்காலியில் உட்கார்ந்து, கையைக் கட்டிக்கொண்டு, வாயை மூடிக்கொண்டு தன்னையே பார்க்கிறார்கள் என்றால் போச்சு, வந்த வழியே ஓடத் தோன்றும். நிற்கிறவனுக்கு வேறு சோலி இருக்கிறது. உட்கார்ந்திருக்கிறவன் பார்ப்பதற்கென்றே வந்தவன்.

இந்த ஞானம் அவளுக்குப் பிறந்தது எழுபத்து மூன்றாம் வருஷத்து ஓணத்தில். கேரள எல்லையில் கோபாலபுரம் செக்போஸ்ட்டுக்குப் பக்கத்து மைதானத்தில் கலாசமிதி என்கிற கலைச் சங்கத்துக்காரர்கள் மத்சரம் நடத்தினார்கள். அந்தப் பக்கத்தில் மேடையேறுகிற சமாச்சாரம் எல்லாவற்றுக்கும் மலையாளத்தில்தான் பெயர். போட்டி என்று சொன்னால் ஏதோ பிள்ளைகள் விளையாட்டு மாதிரி இருக்கும், மத்சரம் என்றால் தூக்கம் போய்விடும். பரிசுக்குச் சம்மானம். சம்மானம் தருகிற மூன்று பேர் முன்வரிசையில் பேனாவும் கையுமாக உட்கார்ந்திருந்தார்கள். பூவாத்தாளின் தலைமையில் பன்னிரண்டு பெண்கள் ஒரே நிறச் சேலையில் மேடை ஏறினார்கள்.

கும்மியில் ஒருத்தி முன்பாட்டு எடுப்பாள். அவள் பாடிய அடியை மற்றவர்கள் அப்படியே வாங்கித் திருப்பிப் பாடுவார்கள், கைதட்டுவார்கள், வட்டமாகச் சுற்றுவார்கள். என்ன அடி, ஏது அடி என்று கேட்கிற வழக்கம் இல்லை. முன்பாட்டுக்காரியின் வாயிலிருந்து வந்தால் அது பாட்டு, அவ்வளவுதான். அன்றைக்கு அவள் வட்டத்தின் பின்பக்கத்தில், கூட்டத்தைப் பார்த்தபடி நின்றாள். தொண்டையைச் செருமிக்கொண்டாள். அந்தச் சமயத்தில் மூவரில் ஒருவர் பேனாவின் மூடியைக் கழற்றினார். கழற்றியதும் பாட்டு அவள் தலையிலிருந்து கழன்று விழுந்துவிட்டது. வாய் மட்டும் திறந்தபடி இருந்தது. எதையாவது சொல்லியாக வேண்டுமே. உட்கார்ந்திருக்கிற நாலு பேரைக் கண்டால் அவள் ஊரில் எவளும் என்ன கேட்பாளோ அதையே மைக்கில் கேட்டாள்.

"எல்லாரும் சாப்ட்டீங்களாங்க?"

பதினோரு பெண்களும் கைதட்டி, குனிந்து நிமிர்ந்து, ராகமாகத் திருப்பிப் பாடினார்கள்: "எல்லாரும் சாப்ட்டீங்களாங்க?"

கூட்டம் சாப்பிட்டாயிற்று என்று சொன்னது. மரியாதையாகத்தான் சொன்னார்கள், சிரிப்பு அப்புறம்தான் வந்தது. அதற்கு மேல் அங்கே நிற்பதற்கு என்ன இருக்கிறது. "அப்ப நாங்க வாறமுங்க" என்று சொல்லிவிட்டு அவள் படியை நோக்கி நடந்தாள். "அப்ப நாங்க வாறமுங்க" என்று பாடிக் கைதட்டிக்கொண்டே பதினோரு பேரும் அவள் பின்னால் வரிசையாக இறங்கி வந்தார்கள். அதைவிட அழகாகத் தாளம் பிசகாமல் அவர்கள் எந்த நோம்பியிலும் ஆடியதில்லை என்று பிறகு பேசிக்கொண்டார்கள்.

அப்புறம் அவள் பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. வேறு ஏதாவது உளறியிருந்தால் கேலி செய்கிறவனை முறைத்துவிட்டுப் போகலாம். இவள் உளறியதோ ஊரில் எல்லாரும் எல்லாரையும் கேட்கிற கேள்வி. பஸ் கண்டக்டர் கேட்டான், மளிகைக் கடைக்காரர் கேட்டார், கல்யாண வீட்டில் சம்பந்தி கேட்டாள். யார் உபசரிக்கிறார்கள், யார் சீண்டுகிறார்கள் என்று கண்டுபிடிக்க வழியில்லை. பாதிப் பேருக்குக் கோபமாகவும் பாதிப் பேருக்குப் பணிவாகவும் பதில் சொல்லி, இரண்டையும் பெரும்பாலும் மாற்றிச் சொல்லி, நல்ல மனிதர்கள் சிலரைப் பகைத்துக்கொண்டாள்.

அது போகட்டும். பெரிய இடி வீட்டுக்குள்ளிருந்தே வந்தது. அவள் புருஷன் மாரப்பனின் தம்பி சம்சாரம் வள்ளியாத்தாள். கும்மியில் பூவாத்தாளுக்கு நேர் எதிரே நிற்கிறவள், முன்பாட்டை முதலில் பிடித்து மற்றப் பெண்களுக்குக் கொடுக்கிறவள். நல்ல குரல்காரி, அதை அவளும் அறிவாள். கடலைக்காட்டில் களை வெட்டும்போது ஒருநாள் பேச்சோடு பேச்சாக ஆரம்பித்தாள்.

"அக்கா, நான் ஒண்ணு சொன்னாக் கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லு."

"அடுத்த ஓணத்துக்கும் மத்சரம் வெக்கறாங்களாம். அன்னிக்கும் நீங்க தடுமாறிப்போட்டீங்கன்னா, பொறவு முன்பாட்ட நான் எடுக்கறனுங்க. நோம்பிக்கும் சேத்துத்தான். எனக்கெல்லாம் அந்தக் கூட்டத்தப் பாத்து ஒரு பயமும் இல்லீங்க. மனுசங்கதானுங்களே."

சுற்றிலும் களை வெட்டிய பெண்கள் அத்தனை பேரும் கொத்தை நிறுத்திவிட்டார்கள். அவர்கள் எதிரே பூவாத்தாளால் வேறென்ன சொல்ல முடியும். "தாராளமா எடுத்துக்க. நான் ஏன் தடுமாறப் போறேன்" என்று சிரித்தாள். சிரித்த கையோடு இரண்டு நல்ல கடலைச் செடியைக் களையென்று வெட்டிப்போட்டாள்.

முன்பாட்டு போய்விட்டால் அவளுக்கு என்ன மிச்சம் என்று அன்றைக்கு முழுக்க நினைத்துப் பார்த்தாள். காடு மாரப்பன் பேரில் இருக்கிறது. வீடு மாமியார் சொல்படி நடக்கிறது. அவள் சொன்ன சொல்லை அந்த வீட்டில் எருமைகூட ஒரு தடவைக்கு இரண்டு தடவை சொன்னால்தான் காதில் வாங்கும். கும்மி வட்டத்தில் மட்டும்தான் அவள் ஒரு தடவை சொன்னதைப் பதினோரு பேர் உடனே, அதுவும் கைதட்டி, திருப்பிச் சொன்னார்கள். அந்த ஒன்றுதான் அவளுடையது. அதையும் எடுத்துக்கொள் என்று அவளே வாயால் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.

எழுபத்து நான்காம் வருஷம் ஆடி பிறந்ததும் ஆசீர்வாதம் மாஸ்டர் வந்தார். தமிழ்ப் பள்ளிக்கூடத்து மாஸ்டர், கலாசமிதிக்கும் வடகரப்பதிக்கும் நடுவில் அவர்தான் தூது. பெயர் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். அவளுடைய முகத்தைப் பார்த்துவிட்டு வைத்தியமும் சொன்னார்.

"எதிர்ல இருக்கறவங்கள மனுசங்கன்னே நெனைக்காதீங்க. ஒங்க கடலச்செடின்னு நெனச்சுக்குங்க. காட்டுல பாடறதில்லையா?"

நல்ல யோசனையாகத்தான் பட்டது. ஆனால் கடலைச்செடி பேனா மூடியைக் கழற்றுவதில்லை என்பதை மாஸ்டரிடம் யார் எடுத்துச் சொல்வது.

அவளாகவும் சில வைத்தியங்கள் பார்த்தாள். வேலந்தாவளத்து வைத்தியசாலையில் நரம்புத் தளர்ச்சிக்கு ஓர் அரிஷ்டம் கொடுத்தார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு மூடி என்றார் வைத்தியர். பயம் பெரிதாக இருந்ததால் அவள் மூடியைத் தவிர்த்துவிட்டு நேராகவே குடித்தாள். நரம்பெல்லாம் நன்றாகத்தான் தளர்ந்தது, வரப்பிலேயே படுத்துச் சாயங்காலம் வரைக்கும் தூங்கினாள். பிறகு மாரியாத்தாளுக்கு ஒரு கோழி நேர்ந்துகொண்டாள். வீட்டுக்கு வந்ததும் அது முட்டையிடுகிற கோழி என்பது நினைவு வந்து, திரும்பப் போய்ச் சேவலாக மாற்றிக்கொள்ளச் சொல்லி ஆத்தாளிடம் கேட்டுக்கொண்டாள். இப்படி மாற்றி மாற்றிப் பேசுகிறவளுக்குத் தெய்வம் என்ன உதவி செய்யும் என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது.

மாரப்பன் அதிகம் பேசாதவன், ஆனால் எதையும் பரீட்சை செய்து பார்க்கிற ஆள். ஒருநாள் சாயங்காலம் அவள் அடுப்படியில் பாடிக்கொண்டிருந்தபோது வாசற்படியில் நின்று கேட்டான். பாட்டு வந்தது. கட்டிலில் உட்கார்ந்து அவளையே பார்த்தான். பாட்டு நின்றது. எழுந்தான், வந்தது. உட்கார்ந்தான், நின்றது. ரேடியோவின் குமிழைத் திருகிப் பார்க்கிறவன் மாதிரி எழுந்து எழுந்து உட்கார்ந்தான்.

"ஏம்புள்ள, நான் உக்காந்தா உனக்கு என்ன பண்ணுது?"

"அப்படிப் பாக்காதீங்கோ. பொண்ணு பாக்க வந்தாப்பல இருக்குது."

"கட்டி எத்தன வருசமாச்சு."

"அன்னிக்கும் எனக்கு வாய் வரலீங்களே. பேரக் கேட்டதுக்கு என்ற தங்கச்சி பேரச் சொல்லிப்போட்டேன்."

மறுநாள் மாரப்பன் பள்ளிக்கூடத்திலிருந்து மூன்று நாற்காலிகளை இரவல் வாங்கி வந்து களத்தில் வரிசையாகப் போட்டான். முதலில் காலி நாற்காலிக்குப் பாடிப் பழகட்டும், பிறகு ஒவ்வொரு ஆளாக உட்கார வைக்கலாம் என்பது அவன் திட்டம். பூவாத்தாள் எதிரே நின்றாள். நாற்காலிகள் மூன்றும் சும்மா இருந்தன. அவளுக்கு முதல் அடியே வரவில்லை. காலி நாற்காலியைப் பார்த்துப் பயந்தவள் இந்தச் சீமையிலேயே தான் ஒருத்தியாகத்தான் இருப்போம் என்று வெட்கமாகப் போயிற்று. வெட்கத்தில் நாற்காலிகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு திரும்பி நின்றாள்.

திரும்பி நின்றதும் பாட்டு வந்தது. தங்குதடையில்லாமல் கடைசி அடி வரைக்கும் வந்தது.

அன்றைக்குப் பிறந்ததுதான் பாதிச் சுற்று. கும்மி என்பது வட்டம். எல்லாரும் உள்ளே பார்த்துத்தான் ஆடுவார்கள். மேடையில் அந்த வட்டத்தைப் போட்டால் முன்பக்கம் இருக்கிறவர்கள் கூட்டத்துக்கு முதுகைக் காட்டுவார்கள், பின்பக்கம் இருக்கிறவர்கள் கூட்டத்தைப் பார்ப்பார்கள். முன்பாட்டுக்காரி முன்பக்கத்தில் நின்று ஆரம்பிக்கலாம். ஆனால் வட்டம் சுற்றுமே, சுற்றினால் அவளும் ஒரு நேரம் பின்பக்கம் வந்துதானே தீரவேண்டும். அதனால் வட்டத்தைச் சுற்ற விடக்கூடாது. கொஞ்சம் வலப்பக்கம் போய், போன வழியே திரும்பிக் கொஞ்சம் இடப்பக்கம் போகவேண்டும். முன்பாதியில் இருக்கிறவள் முன்பாதியிலேயே தூளி மாதிரி ஆடிக்கொண்டிருப்பாள். பாட்டு முடியும்வரை ஒரு நாற்காலியையும் பார்க்க வேண்டியதில்லை.

இதைப் பெண்களிடம் புது அடவு என்று சொல்லிக் கற்றுக்கொடுத்தாள். பட்டணத்தில் எல்லாம் இப்போது இப்படித்தான் ஆடுகிறார்கள் என்று ஒரு பொய்யையும் சேர்த்துக்கொண்டாள். அவள் பட்டணம் என்று பார்த்தது பொள்ளாச்சிச் சந்தையை. பெண்களுக்கு அடவு பிடித்துப்போயிற்று. வள்ளியாத்தாள் மட்டும் கேட்டாள்.

"அப்ப நான் எந்நேரமும் பின்பக்கமே இருக்கோணுமுங்களா, அக்கா?"

"உனக்குத்தான் பயமே இல்லையே, கண்ணு. கூட்டம் உன்ற மொகத்தப் பாக்கட்டும்."

வள்ளியாத்தாள் பின்பக்கம் போய் நின்றாள். பூவாத்தாள் ராஜதந்திரி ஆகிவிட்டதாக நினைத்து அன்றைக்கு இரண்டு களி உருண்டை கூடுதலாகச் சாப்பிட்டாள். மாஸ்டரிடம் சொல்லி, மைக்கை மேடையின் முன்னால் நிறுத்தாமல் வட்டத்துக்கு நடுவில் மேலிருந்து தொங்கவிடவும் ஏற்பாடு செய்துகொண்டாள்.

ஓணம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கோபாலபுரத்தில் போய் இறங்கினார்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அந்த வருஷம் ஆவணி வந்தும் அடங்கவில்லை. தலையில் வைத்த பூ நிற்கவில்லை, சேலை முந்தானை பேச்சைக் கேட்கவில்லை. மைதானத்தின் ரோட்டோரத்தில் மேடை போட்டு, பின்னால் மூங்கில் நட்டு நீலத்துணி கட்டியிருந்தார்கள். அவர்களுக்கு முன்னால் இரண்டு குழுக்கள் ஆடி முடிக்கும்வரை பூவாத்தாள் மைதானத்துக்கு அந்தப் பக்கத்துச் சோளக்காட்டுக்கு இரண்டு தடவை ஓடிவிட்டு வந்தாள். மூன்றாவது தடவை ஓடப் பார்த்தபோது மாஸ்டர் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்.

மேடையேறும்போது தரையைப் பார்த்தே ஏறினாள். தரையைப் பார்த்தே முன்பக்கம் போய், கூட்டத்துக்கு முதுகைக் காட்டி நின்றாள். நிமிர்ந்தாள். எதிரே வள்ளியாத்தாள், அவளுக்குப் பின்னால் நீலத்துணி. ஒரு நாற்காலி இல்லை, ஒரு பேனா இல்லை. இவ்வளவு சுலபமான காரியத்துக்கா ஒரு வருஷம் செத்துப் பிழைத்தோம் என்று அவளுக்குச் சிரிப்புக்கூட வந்தது.

பாட்டு அவர்கள் ஊரிலேயே கட்டியது. சோளக்காட்டுக்குக் காவல் போன பெண்ணை யானை வந்து மறிக்கிற பாட்டு. முதல் அடியை எடுத்தாள், குரல் கணீரென்று வந்தது. பதினோரு பேரும் வாங்கிப் பாடினார்கள். வட்டம் வலப்பக்கம் கொஞ்சம் போயிற்று, இடப்பக்கம் கொஞ்சம் வந்தது. முன்பாட்டு தன்னை விட்டு எங்கும் போகாது என்று பூவாத்தாளுக்கு நிச்சயமாகிவிட்டது. பெண் பரண் மேல் ஏறினாள், கவண் எடுத்தாள், கிளி விரட்டினாள். யானை வருகிற இடமும் வந்தது.

யானைக்கு முன்னால் காற்று வந்தது. நீலத்துணி ஒருபக்கம் கட்டறுந்து, படபடவென்று அடித்து, மூங்கிலுக்கு மேலே சுருண்டு போயிற்று. அதற்குப் பின்னால் ரோடு. செக்போஸ்ட்டில் மறித்த லாரிகள் ரோட்டில் வரிசையாக நின்றன. தேங்காய் மூட்டைகளுக்கு மேலே டிரைவர்களும் கிளீனர்களும் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தன்கூட நிற்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு, வாயை மூடிக்கொண்டு, அவளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

முன்னாலும் உட்கார்ந்திருக்கிறார்கள், பின்னாலும் உட்கார்ந்திருக்கிறார்கள். பூவாத்தாளின் வாய் திறந்தபடியே நின்றது. யானை எங்கே போயிற்று என்று தெரியவில்லை. கைதட்டு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. 'எல்லாரும் சாப்' என்கிற வரைக்கும் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. பல்லைக் கடித்து அதை உள்ளே தள்ளினாள்.

அவ்வளவுதான், முடிந்தது. இனி வள்ளியாத்தாள் அடுத்த அடியை எடுப்பாள், அதோடு முன்பாட்டையும் எடுத்துக்கொள்வாள். எடுக்கட்டும் என்று அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

வள்ளியாத்தாள் எடுக்கவில்லை. அவள் கண்ணை இறுக மூடியிருந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. மேலுதட்டில் வேர்வை, தாடை கிடுகிடுவென்று ஆடிக்கொண்டிருந்தது, கைகள் ஒன்றையொன்று தேடித் தேடித் தட்டிக்கொண்டிருந்தன. இதற்கு யாருடைய பாட்டு நின்றதும் காரணமில்லை, துணி பறந்ததும் காரணமில்லை. இது முதல் அடியிலிருந்தே நடந்துகொண்டிருக்கிறது. தன் நிம்மதியில் மிதந்துகொண்டிருந்த பூவாத்தாள்தான் எதிரே இருக்கிற முகத்தை ஒரு தடவைகூடச் சரியாகப் பார்க்கவில்லை.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. போன வருஷம் வள்ளியாத்தாள் நின்றது முன்பக்கத்தில். கூட்டம் அவள் முதுகைத்தான் பார்த்தது. அவள் கூட்டத்தைப் பார்க்கவே இல்லை. மனுசங்கதானே என்று காட்டில் பேசியது அந்தத் தைரியத்தில்தான். அவளைக் கொண்டுவந்து இந்த நாற்காலிகளுக்கு எதிரே நிறுத்தி, நகரவும் விடாமல் பாதிச் சுற்றுக்குள் கட்டிப்போட்டது யார். பூவாத்தாளுக்குத் தன்னை நினைத்தாலே சீ என்று வந்தது. தனக்கு எமன் என்று தெரிந்த ஒன்றை இன்னொருத்தி தலையில் கட்டிவிட்டு, அதற்கு அடவு என்று பெயரும் வைத்திருக்கிறாள்.

யோசித்துச் செய்தாளா என்று கேட்டால் இல்லை. யோசிக்கிற நிலையில் அவள் இல்லை. வாய் தானாகப் பாடியது.

"கண்ணத் தொறக்காத கண்ணு, காலு மட்டும் எடுத்து வையி."

பதினோரு பேரில் பத்துப் பேர் உடனே வாங்கிப் பாடினார்கள். என்ன அடி, ஏது அடி என்று கேட்கிற வழக்கம்தான் இல்லையே.

"நீ நின்ன எடத்துக்கு நானு வாறேன், நான் நின்ன எடத்துக்கு நீயும் போயேன்."

அதையும் பாடினார்கள். பாடிக்கொண்டே வட்டம் வலப்பக்கம் நகர்ந்தது. வழக்கமாகத் திரும்ப வேண்டிய இடம் வந்தது, பூவாத்தாள் திரும்பவில்லை. மற்றவர்களும் திரும்பாமல் பின்னாலேயே போனார்கள். வள்ளியாத்தாள் கண்ணை மூடியபடியே பக்கத்தில் இருந்தவளின் சேலையை உரசிக்கொண்டு காலை எடுத்து வைத்து வைத்து முன்பக்கம் வந்து சேர்ந்தாள். பூவாத்தாள் பின்பக்கம் போய்ச் சேர்ந்து, அங்கிருந்து பழையபடி பாதிச் சுற்றே ஆடினாள்.

எதிரே மைதானம் முழுக்க நாற்காலி. முன்வரிசையில் மூன்று பேர், மூன்று பேனா. அவளுக்கு ஒரு தைரியமும் வந்துவிடவில்லை. கணீரென்ற குரல் போன இடம் தெரியவில்லை, கொசுவின் குரல் மாதிரி ஏதோ ஒன்றுதான் வந்தது. அந்தக் கொசுக்குரலிலேயே யானையைக் காட்டுக்குள் வரவழைத்தாள். ஒரு அடியை இரண்டு தடவை பாடினாள், ஒரு அடியை விட்டுவிட்டாள். வள்ளியாத்தாள் கண்ணைத் திறந்து, லாரிப் பக்கம் பார்க்காமல் அவளையே பார்த்தாள். நாற்காலிகளுக்கு நடுவே பூவாத்தாள் பார்ப்பதற்கு அந்த ஒரு முகம் இருந்தது. அதைப் பார்த்தே மிச்சத்தையும் பாடினாள். யானை திரும்பிப் போயிற்று, பெண் பரணிலிருந்து இறங்கினாள், கும்மி முடிந்தது.

மேடையிலிருந்து இறங்கியதும் பூவாத்தாள் நேரே சோளக்காட்டுக்குப் போய்விட்டு வந்தாள். அவள் வரும்போது மூவரில் மூத்தவர் மைக்கில் மலையாளத்தில் பேசிக்கொண்டிருந்தார். மூன்று குழுவில் வடகரப்பதிக்கு மூன்றாவது இடம். அது எதிர்பார்த்ததுதான். ஆனால் முகபாவத்துக்கென்று தனியாக ஒரு சம்மானம் உண்டாம். யானையைக் கண்டு நடுங்கிய அந்த ஸ்திரீ எவ்வளவு தத்ரூபமாக நடுங்கினார், அந்த வேர்வையைக்கூட எப்படி வரவழைத்தார், இதுவரை எந்த மேடையிலும் தான் இப்படி ஒரு பயத்தைக் கண்டதில்லை என்று அவர் வியந்து வியந்து பேசினார். நடுவில் தோழி வந்து தேற்றுகிற அடிகள் மனதைத் தொட்டுவிட்டன என்றும் சொன்னார். பெயர் கேட்டு, வள்ளியாத்தாளை மேடைக்கு அழைத்து, ஓர் எவர்சில்வர் குடத்தைக் கையில் கொடுத்தார்.

பூவாத்தாள் கைதட்டினாள். தட்டிக்கொண்டே நினைத்தாள்: பயந்ததற்குச் சம்மானம் உண்டு என்று தெரிந்திருந்தால் போன வருஷமே வாங்கியிருக்கலாமே. காலி நாற்காலிக்குப் பயந்தவள், கட்டிய புருஷனுக்குப் பயந்தவள், அரிஷ்டம் குடித்து வரப்பில் விழுந்தவள் இங்கே நிற்கிறாள். அரை மணி நேரம் பயந்தவளுக்குக் குடம். இதுதான் நியாயம் போலிருக்கிறது.

திரும்பி வரும் பஸ்ஸில் பெண்கள் எல்லாரும் குடத்தைக் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தார்கள். கடைசியில் அது வள்ளியாத்தாள் மடிக்கு வந்தது. அவள் பூவாத்தாளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பூவாத்தாள்தான் தொண்டையைச் செருமினாள். வாக்கு என்று ஒன்று கொடுத்திருக்கிறதே.

"முன்பாட்ட நீ எடுத்துக்க, வள்ளியா. நோம்பிக்கும் சேத்து."

"எதுக்குங்க?"

"நான் தடுமாறிப்போட்டேன்ல."

"எப்பங்க?"

"அந்தத் துணி பறந்தப்ப. வாய் அப்படியே நின்னுபோச்சே."

வள்ளியாத்தாள் குடத்தின் வாயை முந்தானையால் துடைத்தாள்.

"நான் பாக்கலீங்கக்கா. நான்தான் கண்ண மூடிட்டு இருந்தனே."

பூவாத்தாள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். காற்றில் தூசி அடித்தது, கண்ணைத் துடைத்துக்கொள்ள அது வசதியாக இருந்தது. பிறகு அவளே திரும்பினாள்.

"அந்தப் புது அடவு இனி வேண்டாம்."

"வேண்டாமுங்க" என்றாள் வள்ளியாத்தாள். "நானும் பொள்ளாச்சிச் சந்தைக்குப் போயிருக்கறனுங்க. அங்க யாரும் அப்படி ஆடலீங்க."

இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சிரித்தார்கள்.

வடகரப்பதி வந்தது. வண்டி நின்றதும் பூவாத்தாள் முதலில் எழுந்தாள். கண்டக்டர் கதவைத் திறந்துவிட்டு, "மத்சரம் எப்படிங்க? எல்லாரும் சாப்ட்டீங்களா?" என்று கேட்டான். உபசாரமா, கேலியா என்று இந்தத் தடவையும் அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. கண்டுபிடிக்கத் தோன்றவும் இல்லை. வண்டி நிறைய ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள், அத்தனை பேரும் அவளைத்தான் பார்த்தார்கள். பயம் வழக்கம்போல வந்தது. படியில் கால் வைத்தபடியே சொன்னாள்.

"சாப்ட்டமுங்க. அப்ப நாங்க வாறமுங்க."

பின்னால் எவர்சில்வர் குடத்தில் பட்டென்று ஒரு தட்டு விழுந்தது. வள்ளியாத்தாள்தான் அடியை முதலில் பிடித்தாள். "அப்ப நாங்க வாறமுங்க" என்று பதினோரு பேரும் அதே ராகத்தில், கைதட்டிக்கொண்டே, அவள் பின்னால் வரிசையாக இறங்கி வந்தார்கள்.